பதினேழு படியும் பன்னிரண்டு காரணமும்

முப்பத்துமூன்று வயதில் ஓய்வு பெறுகிறேன் என்று நான் சொன்னபோது நீங்கள் மூவரும் சிரித்தீர்கள். சிரியுங்கள். எட்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளை இந்த வகுப்புக்குக் கொடுத்திருக்கிறேன். இனி வருகிற ஞாயிறுகள் எனக்கு வேண்டும். அச்சுவேலிச் சந்தைக்குப் பின்னால், ஒரு ஹாட்வெயார் கடையின் மேல்மாடியில், பட்டம் பெற்று வேலையிலும் இருக்கிற பொறியியலாளர்களை உரிமச் சோதனைக்குத் தயார் செய்யும் இந்த வேலையை இனி நீங்கள்தான் பார்க்கப் போகிறீர்கள்.

பாடக்குறிப்புகளும் பழைய வினாத்தாள்களும் அலுமாரியில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். உங்களுக்கு வாசிக்கத் தெரியும். எட்டு வருடத்தில் நான் விட்ட பிழைகளில் மிகப் பெரியதை மட்டும் இங்கே எழுதுகிறேன். அது கணக்குப் பிழை அல்ல. கணக்கில் நான் பிழை விடுவதில்லை.

என்னைப் பற்றி ஒரு விடயம் தெரிந்தால்தான் இது விளங்கும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பா மேசன். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார். அம்மா அதுவும் இல்லை. நான் பல்கலைக்கழகம் போனதும், பொறியியலாளர் ஆனதும், உரிமச் சோதனையில் முதல் முறையே சித்தியடைந்ததும் ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

நான் அந்தப் பிழை விட்ட வருடம் எங்கள் வகுப்பிலிருந்து பதினொரு பேர் சோதனை எழுதினார்கள். அவர்களில் தர்சினிக்குத்தான் அவசரம். நீர்வேலியில் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. ஒரு பிரதேச சபையில் பொறியியலாளர் பதவிக்கு அவளைத் தெரிவு செய்துவிட்டார்கள். ஒரேயொரு நிபந்தனை: மாதம் முடிவதற்குள் உரிமத்தைக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். காட்டாவிட்டால் வேலை பட்டியலில் அடுத்து நிற்பவருக்கு. உங்களுக்குத் தெரியும், உரிமம் இல்லாதவர் ஒரு மதில் கட்டும் படத்தில்கூடத் தனியே கையெழுத்து வைக்க முடியாது. பெறுபேறு வரும் நாளைக் கணக்குப் பார்த்து, ஊருக்குக் கொடுக்கவென்று தர்சினியின் அம்மா கப்பல் இன வாழைக்குலை ஒன்றைப் பழுக்கப் போட்டிருந்தார்.

குலை பழுத்தது. பெறுபேறு வரவில்லை. கடிதம் வந்தது.

பதினொரு பேரின் பெறுபேறுகளும் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன, பார்த்து எழுதியதாகச் சந்தேகம் என்று சோதனைச் சபை எழுதியிருந்தது. நிரூபணமானால் மூன்று வருடத் தடை. காரணம் படிக்கட்டு வினா. மாடிக்கு மாடி உயரம் இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது மில்லிமீற்றர். படியின் உயரத்தை நீங்களே தெரிவு செய்து வரைக. நூற்றறுபதால் வகுத்தால் மிச்சமில்லாமல் பதினெட்டுப் படி. வினா செய்தவர் அதற்காகவே அந்த எண்ணைப் போட்டிருக்கிறார். நாட்டில் எல்லாரும் பதினெட்டு வரைந்திருக்க, எங்கள் பதினொரு பேரும் பதினேழு வரைந்திருந்தார்கள். படி ஒன்றின் உயரம் நூற்றறுபத்தொன்பது தசம் நான்கு. விதிகளின் எல்லைக்குள் இருக்கிற எண்தான். ஆனால் தலை சுகமாக உள்ள ஒரு பொறியியலாளர் தானாகத் தேடிப் போகிற எண் அல்ல. ஒருவருக்கு அப்படித் தோன்றலாம். பதினொரு பேருக்குமா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். பிள்ளைகளை நம்பாமல் கடிதத்தை நம்பினேன். அடுத்த ஞாயிறு பதினொரு பேரையும் சுவரோடு நிற்கவைத்தேன்.

“ஆர் ஆரைப் பாத்து எழுதினது? இப்பவே சொல்லுங்கோ.”

முதலில் கையை உயர்த்தியவர் ராசன் அண்ணை. வீதி போடும் வேலையில் இருபது வருடம் நின்றுவிட்டு, பிறகு படித்துப் பட்டம் வாங்கிய மனிதர். என்னைவிடப் பதின்மூன்று வயது மூப்பு.

“தங்கச்சி, மனதிலை வைச்சிருக்கேலாது. பக்கத்திலை இருந்த பெடியனிட்டை அழிறப்பர் வாங்கினனான். இன்னும் திருப்பிக் குடுக்கேல்லை.”

“அழிறப்பரிலை பதினேழு எண்டு எழுதியிருந்ததோ அண்ணை?”

அவர் உண்மையாகவே யோசித்தார். “இல்லை. யப்பான் எண்டு எழுதியிருந்தது.”

தர்சினிக்குக் கண் கலங்கிவிட்டது. கோபத்தில்தான். “அக்கா, நான் முன்வரிசை வாங்கிலை இருந்தனான். எனக்கு முன்னாலை சுவர் மட்டும்தான் இருந்தது. சுவரைப் பாத்தோ எழுதினனான்?”

“அப்ப ஏன் பதினேழு? பதினெட்டுப் போட்டால் கணக்கு வடிவா முடியுதெல்லோ?”

பதினொரு பேரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். சாப்பாட்டுக் கோப்பைக்குள் ஏன் கால் வைக்கக்கூடாது என்று நான் கேட்டதைப் போன்ற பார்வை.

“அக்கா,” என்றாள் தர்சினி மெதுவாக, “பதினெட்டு எண்டால் நட்டத்திலையெல்லோ முடியும்?”

நான் கதிரையில் இருந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் படிக்கட்டை யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. முதற்படி லாபம், அடுத்தது நட்டம், அதற்கடுத்தது லாபம். மேல்மாடியில் கால் வைக்கும்போது வாயில் லாபம் நிற்கவேண்டும். ஒற்றைப்படை எண்ணென்றால் நிற்கும். இரட்டையென்றால் நட்டத்தோடு வீட்டுக்குள் போகிறீர்கள். இதை யாரும் யாருக்கும் படிப்பிப்பதில்லை.

சுவரில் ஒட்டியிருந்த என் மாதிரிப் படங்களைத் திரும்பிப் பார்த்தேன். பதின்மூன்று. பதினைந்து. இருபத்தொன்று. பதினேழு. எல்லாம் நான் வரைந்தவை. ஒன்றுகூட இரட்டை இல்லை.

“நான் எப்பவாவது வகுப்பிலை லாபம் நட்டம் எண்டு சொன்னனானோ?”

“சொல்லேல்லை அக்கா,” என்றாள் தர்சினி. “ஆனால் நீங்கள் ஒவ்வொரு படி கீறேக்கையும் சொண்டு சத்தமில்லாமல் அசையும்.”

அந்த இடத்தில் எல்லாரும் சிரித்தோம். தர்சினி கொண்டுவந்திருந்த கப்பல் பழத்தைத் தின்றோம். கள்ளர் யாரும் இல்லை என்று தெரிந்த சந்தோசம். உண்மையை அப்படியே இரண்டு பந்தியில் எழுதிக் கொழும்புக்கு அனுப்பியிருந்தால் இந்தக் கதை அந்தப் பழத்தோடு முடிந்திருக்கும்.

நான் அனுப்பவில்லை. என் பிழை இங்கேதான் தொடங்குகிறது, கவனியுங்கள்.

“உதைப் போய்ச் சபைக்குச் சொல்லேலாது,” என்றேன். “பட்டம் வாங்கின சனம் நாங்கள். தொழில்முறைக் காரணம் சொல்லவேணும்.” நல்ல ஆங்கிலத்தில் மூன்று பக்கக் கடிதம் ஒன்று எழுதினேன். அந்த ஆங்கிலத்தை இன்றைக்கு வாசித்தாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. அதற்குள் ஒரு காரணமும் இல்லை. விசாரணைக்கு ஓர் அதிகாரி நேரே வருவார் என்று பதில் வந்தது. மாதம் முடிய எட்டு நாள் இருந்தது.

பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொன்னேன்: “லாபம் நட்டம் எண்டு ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. பொறியியற் காரணம் ஒண்டு சொல்லுங்கோ.”

என்ன காரணம் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

வந்த அதிகாரி ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பொறியியலாளர். தமிழ் நன்றாகப் பேசினார். ஆனால் கொழும்பில், மின்தூக்கி உள்ள அடுக்குமாடியில் பிறந்து வளர்ந்தவராம். படி எண்ணி வளர்ந்தவர் அல்ல. எங்கள் சின்ன அறைக்குள் இருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அந்த அறைக்கும் வகுப்புக்கும் நடுவில் இருப்பது பலகைத் தட்டி. உள்ளே பேசுவது எல்லாம் வெளியே கேட்கும்.

முதல் பையன் நில அதிர்வு என்றான். இரண்டாமவன் வயதானவர்களின் முழங்கால் என்றான். அதுவரை பரவாயில்லை. மூன்றாமவன், பதினேழு ஒரு பகா எண், ஆகவே பல பேர் ஒன்றாக ஏறினாலும் அதிர்வுகள் சேராது என்றான். அவன் குரலில் அப்படியொரு உறுதி. எனக்கே ஒரு கணம் சரியாக இருக்குமோ என்று பட்டது.

ராசன் அண்ணையின் முறை வந்தது.

“எதுக்காகப் பதினேழு?”

“காத்து, மிஸ்.”

“காற்றா? படிக்கட்டு கட்டடத்துக்கு உள்ளேதானே இருக்கு?”

“ஓம் மிஸ். ஆனால் எங்கடை பக்கம் காத்துக் கூட.”

தட்டிக்கு வெளியே நான் தலையில் கை வைத்தேன். தர்சினி சீமெந்து மிச்சம் என்றாள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. எவ்வளவு மிச்சம் என்று கேட்டதும், “கனக்க இல்லை மிஸ்” என்று சொல்லிவிட்டாள். கடைசியாக என்னைக் கூப்பிட்டார்கள். நான் உள்ளே போய், நிமிர்ந்து இருந்து, “அழகியல்” என்றேன்.

அதிகாரி தன் விசாரணைக் கோப்பை மூடினார்.

“பிள்ளைகள் பதினொரு பேர். உங்களோடு சேர்த்துப் பன்னிரண்டு காரணம். விடை மட்டும் ஒன்று. இருபது வருசமா இந்த வேலை பார்க்கிறேன், பார்த்து எழுதுறவங்க எல்லாரும் இப்படித்தான். விடையைத்தான் பார்த்து எழுதலாம். காரணத்தைப் பார்த்து எழுத முடியாது. அதை ஆளுக்கு ஒன்றா உண்டாக்குவாங்க. மூன்று வருடத் தடைக்குத்தான் நான் எழுத வேண்டியிருக்கும். மன்னிக்கணும்.”

கதவின் இடைவெளியில் தர்சினி தெரிந்தாள். அவள் அழவில்லை. தோளில் பையை மாட்டிக்கொண்டிருந்தாள், வீட்டுக்குப் போவதற்கு. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

மேசனின் மகள் என்று சொல்ல எனக்கு ஒருநாளும் வெட்கம் இருந்ததில்லை. மேசனைப் போல எண்ணுகிறேன் என்று சொல்லத்தான் வெட்கமாக இருந்திருக்கிறது. அந்த வெட்கத்தைப் பதினொரு பேர் தலையில் ஏற்றிவிட்டிருக்கிறேன்.

“மிஸ், நான் பொய் சொன்னனான்.”

“எது பொய்?”

“அழகியல்.”

எல்லாவற்றையும் சொன்னேன். லாபம், நட்டம், என் உதடு, நான் பிள்ளைகளுக்குப் போட்ட வாய்ப்பூட்டு, எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“சரி. இது பதின்மூன்றாவது காரணம். பன்னிரண்டையும் நம்பாத நான் இதை மட்டும் ஏன் நம்பணும்?”

நியாயமான கேள்வி. பொய்யில் பெரிய தொல்லை அதுதான், பின்னால் வருகிற உண்மையும் வரிசையில் நிற்கவேண்டி வரும். என் கால் தானாக எழும்பிவிட்டது.

“கீழை வாங்கோ மிஸ். இந்தச் சந்தியிலை நீங்கள் காட்டிற கட்டடத்திலை எண்ணுவம். நான் ஒண்டையும் தெரிவு செய்யமாட்டன். நீங்களே காட்டுங்கோ.”

அச்சுவேலிச் சந்தியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக் கூட்டம். அதற்குள் கையில் கோப்புடன் அதிகாரி முன்னுக்கு, நான் பின்னுக்கு, எனக்குப் பின்னால் பதினொரு பேர் ஊர்வலம். மரக்கறி விற்றுக்கொண்டிருந்தவர்கள் எழும்பிப் பார்த்தார்கள். “ஆர் பிள்ளை செத்தது?” என்று ஓர் ஆச்சி கேட்டார். “ஒருத்தரும் இல்லை அம்மம்மா, படி எண்ணப் போறம்,” என்றார் ராசன் அண்ணை. ஆச்சிக்கு அது போதுமான விளக்கமாக இருந்தது.

வெதுப்பகத்தின் மாடிக்கு அதிகாரி தானே ஏறினார், சத்தமாக எண்ணிக்கொண்டு. பதினைந்து. “தற்செயல்,” என்றார். படப்பிடிப்பு நிலையம், பத்தொன்பது. “தற்செயலா இருக்கலாம்.” பல் வைத்தியரின் மாடி, பதினேழு, அங்கே கன்னம் வீங்கிக் காத்திருந்த ஒருவர், எல்லாரும் தனக்கு முன்னால் போகப் போகிறார்கள் என்று பயந்து எங்களுடன் சண்டைக்கு வந்தார். அதன் பிறகு அதிகாரி சந்தியில் நின்று, நாலு பக்கமும் பார்த்து, புதிதாகத் திறந்திருந்த மூன்று மாடிப் புடைவைக்கடையைக் காட்டினார்.

அந்தக் கட்டடத்தைக் கட்டியது எங்கள் மேசன்மார் அல்ல. வெளியூரிலிருந்து வந்த ஒப்பந்தக்காரர்கள். பளபளப்பான தரையோடு, எல்லாம் நூலில் அளந்ததுபோல் இருக்கும்.

அதிகாரி உள்ளே போனார். படிக்கட்டின் அடியில் காலைத் தூக்கினார். அடுத்த கணம் அவர் இரண்டு கையையும் மூன்றாம் படியில் ஊன்றிக்கொண்டு நின்றார். ஒரு சப்பாத்து பறந்துபோய், கூறைச்சேலை கட்டி உட்காரவைத்திருந்த பொம்மையின் மடியில் விழுந்தது. கோப்பிலிருந்த பதினொரு விடைத்தாள்களும் தரையெல்லாம் பரந்தன.

கடை முதலாளி ஓடிவந்தார். “ஐயோ அம்மா! கவனம், கவனம். எல்லாரும் உதிலைதான் விழுகிறவை.”

படிக்கட்டின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு கல் வைத்துப் பூசி, மேலே அதே நிறத் தரைஓடு ஒட்டியிருந்தது. பார்த்தால் தரை. மிதித்தால் படி.

“எல்லாரும் விழுறாங்கன்னா இதை எடுத்துடலாமே?” என்றார் அதிகாரி, பெருவிரலைப் பிடித்தபடி.

“எடுக்கேலாது அம்மா. எடுத்தால் பதினெட்டு.”

“எடுத்தால்?”

“பதினெட்டு. கட்டினவங்கள் பதினெட்டோடை விட்டிட்டுப் போட்டாங்கள். கடை திறக்கிறதுக்கு முதல் நாள் என்ரை மனுசி ஏறி எண்ணிப்போட்டு, நட்டத்திலை வந்து நிக்குது, நான் உள்ளுக்கு வரமாட்டன் எண்டு கீழை இருந்திட்டா. அண்டைக்கே ஒரு கல்லை வைச்சுப் பூசினம்.” பிறகு அவர் எங்கள் எல்லாரையும் சந்தேகமாகப் பார்த்தார். “ஏன், நீங்கள் வரி ஆக்களோ?”

அதிகாரி ஒற்றைச் சப்பாத்துடன் மூன்றாம் படியில் குந்தி அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தரையில் விடைத்தாள் பொறுக்கிக்கொண்டிருந்த தர்சினி எழும்பினாள்.

“மிஸ், நாங்கள் பதினெட்டுக் கீறிக் குடுத்தால் இதுதான் நடக்கும். நாங்கள் போனாப் பிறகு சனம் ஒரு கல்லு வைக்கும். ஒரு படி மற்றப் படியளை விட உயரம் குறைஞ்சிருந்தால் கட்டாயம் கால் தடுக்கும். அதைத்தானே நாங்கள் முதலாம் வருசத்திலை படிச்சது? நாங்களே பதினேழாய்ச் சமனாப் பிரிச்சுக் குடுத்தால் ஒருத்தரும் கல்லு வைக்கமாட்டினம். ஒருத்தரும் விழவும் மாட்டினம்.”

அதிகாரி கல்லை விட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“இதைக் காலையில் ஏன் சொல்லல்ல?” என்று கேட்டார் அதிகாரி. “சீமெந்து என்றுதானே சொன்னீங்க?”

“காலமை எனக்கு இது தெரியாது மிஸ். நீங்கள் விழேக்கைதான் தெரிஞ்சது.”

அன்றைக்கு முழுவதும் பிள்ளைகளிடமிருந்து வந்த முதல் நேர்மையான காரணம் அதுதான். அதிகாரிக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே கோப்பைத் திறந்து, பொம்மையின் மடியிலிருந்த சப்பாத்தை வாங்க மறந்து, முழங்காலில் வைத்து எழுதினார். முதலாளி எல்லாருக்கும் சோடா உடைத்தார். வரி ஆட்கள் இல்லை என்று தெரிந்த நிம்மதி.

ஐந்தாம் நாள் பெறுபேறு வந்தது. பத்துப் பேர் சித்தி. ராசன் அண்ணை மட்டும் இல்லை. படிக்கட்டுக்குக் கைப்பிடி வரைய மறந்துவிட்டாராம். காற்றுக்குப் பறந்திருக்கும் என்று மற்றவர்கள் அவரை ஒரு வருடம் பகிடி பண்ணினார்கள். அடுத்த தரம் சித்தியடைந்துதான் அவர்களின் வாயை அடைத்தார். தர்சினி மாத முடிவுக்கு ஒரு நாள் இருக்க உரிமத்தைக் கொண்டுபோய்க் காட்டினாள். மேசையில் இருந்தவர் அதை வாங்கி, திருப்பிப் பார்த்து, “பிந்தி வந்தாலும் வந்திட்டியள்,” என்றாராம். “பிந்தேல்லை சேர், நாளைக்குத்தான் முப்பத்தொண்டு,” என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். அந்தப் பொறியியலாளர் கதிரையில் இப்போதும் அவள்தான் இருக்கிறாள்.

அதற்கடுத்த வருடத்திலிருந்து வினாத்தாளில் படிக்கட்டு வினாவுக்குக் கீழே இரண்டு வெற்றுக் கோடுகள் வருவதைக் கண்டிருப்பீர்கள். ‘உமது தெரிவுக்கான காரணத்தை எழுதுக.’ அந்த இரண்டு கோட்டுக்குத்தான் நீங்கள் மூவரும் இந்தப் பிள்ளைகளைத் தயார் செய்யப் போகிறீர்கள். ஒற்றையா இரட்டையா என்று நான் உங்களுக்குச் சொல்ல வரவில்லை. ஒரு பிள்ளை விசித்திரமான விடையோடு வந்து நின்றால் ஏன் என்று கேளுங்கள். “பழக்கம், வேறை தெரியாது” என்று சொன்னால் ஏசாதீர்கள். அங்கேயிருந்து தொடங்கலாம். என்னைப் போல, ‘நல்லதாக ஒரு காரணம் சொல்லு’ என்று மட்டும் அனுப்பிவிடாதீர்கள். அவர்கள் சொல்லித் தொலைப்பார்கள்.

சபையிலிருந்து எனக்கென்று தனியாகவும் ஒரு கடிதம் வந்தது. பார்த்து எழுதியதற்கு ஆதாரம் இல்லை. ஆயினும் விசாரணையில் காரணங்களைப் புனையும்படி மாணவர்களை ஊக்குவித்தமைக்காக ஆசிரியை வன்மையாகக் கண்டிக்கப்படுகிறார். தடித்த தாள், மேலே பொன் நிற முத்திரை. நான் அதை ஒளிக்கும் முன்பே அப்பா கண்டுவிட்டார். முழுக்க ஆங்கிலம். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“இதென்ன பிள்ளை, பெரிய இடத்துக் கடிதம்?”

“ஏசி எழுதியிருக்கிறாங்களப்பா.”

“ஆரை?”

“என்னைத்தான்.”

முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். “உன்ரை பேரைப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறாங்களோ?”

“ஓம்.”

“பேருக்குப் பின்னாலை பொறியியலாளர் எண்டும் போட்டிருக்கோ?”

“ஓமப்பா.”

“அப்ப சுத்தியலை எடு,” என்றார் அப்பா. “முன் அறையிலை கொழுவுவம்.”